நனைந்த இயர்பட்ஸ்: அரிசி டின்னா, சிலிக்கா ஜெல்லா, கடையா?

போன ஐப்பசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. வாஷிங் மெஷினிலிருந்து துணிகளை அள்ளிக் கூடையில் போடும்போது மகனின் பேன்ட் பையில் ஏதோ கட்டியாகத் தட்டுப்பட்டது. கையை விட்டு எடுத்தால் அவனுடைய இயர்பட்ஸ், சார்ஜிங் டப்பாவோடு. சோப்புத்தூள், போர் தண்ணீர், அலசல், பிழிதல் என்று முழுச் சுற்றையும் அது பார்த்துவிட்டது. மூடியைத் திறந்ததும் உள்ளிருந்து நுரைத்த தண்ணீர் தரையில் வழிந்தது.

அடுத்த ஐந்து நிமிடத்துக்குள் வீட்டில் நான்கு யோசனைகள். "அரிசி டின்னுக்குள் புதைத்து வை, நாளைக்குச் சரியாகிவிடும்" என்றார் அத்தை. "ஒரே ஒரு தடவை சார்ஜ் போட்டுப் பார்த்துவிடட்டுமா?" என்று மகன் துடித்தான். எதிர்வீட்டுக்காரர் ஹேர் டிரையரைக் கொண்டுவந்து நீட்டினார். மாமனார் மட்டும் எதுவும் பேசாமல் உள்ளே போய், இரவில் தம் காது கேட்கும் கருவியைக் கழற்றி வைக்கும் சின்ன டப்பாவை எடுத்துவந்தார். "என் மிஷின் தினமும் வியர்வையில் நனைகிறது, தினமும் இதில்தான் காய்கிறது. இதையும் போட்டுப் பார்" என்றார்.

அந்த நான்கில் ஒன்றுதான் உருப்படியான யோசனை. ஒன்று பயனற்றது. மற்ற இரண்டும் அன்றைக்கே அந்தக் கருவியைக் கொன்றிருக்கும். எது எது என்று அப்போது எனக்கும் தெளிவாகத் தெரியாது. அதன்பிறகு படித்ததையும், செய்து பார்த்ததையும், கைப்பேசி பழுது பார்க்கும் நண்பர் சொல்லித் தந்ததையும் வைத்து, இந்த வழிகளை ஒன்றோடொன்று ஒப்பிட்டுச் சொல்கிறேன். மழைக்காலத்தில் பைக்கிலும் பஸ்ஸிலும் போகிற எவருக்கும் இது வந்து சேரக்கூடிய சிக்கல்தான்.

முதலில் ஓர் அளவுகோல் வேண்டும். இயர்பட்ஸைக் கெடுப்பது தண்ணீர் மட்டும் அல்ல. ஒவ்வொரு பட்டுக்குள்ளும் (காதில் வைக்கும் ஒற்றைத் துண்டைத்தான் 'பட்' என்கிறேன்) ஒரு குட்டி லித்தியம் அயான் பேட்டரி இருக்கிறது, ஏறத்தாழ 3.7 வோல்ட். உள்ளே புகுந்த தண்ணீரில் உப்பு கரைந்திருந்தால் அதன் வழியே மின்சாரம் பாயும். பள்ளி ஆய்வகத்தில் காப்பர் சல்பேட் கரைசலில் இரண்டு தகடுகளை நிறுத்திப் பார்த்திருப்போம். ஒரு தகடு கரைந்து, மற்றொன்றில் செம்பு படியும். அதே மின்னாற்பகுப்புதான் இந்தக் கடுகளவு மின்சுற்றிலும் நடக்கிறது. ஒரு முனையில் உலோகம் கரைகிறது, மறுமுனையில் மயிரிழைபோல வளர்கிறது. அந்த இழை பக்கத்து மின்பாதையைத் தொட்டுவிட்டால் ஷார்ட் ஆகிவிடும். இணைப்பு முனைகளில் பச்சை பூத்திருப்பதைப் பார்த்தால், இந்த வேலை அங்கே நடந்து முடிந்துவிட்டது என்று பொருள்.

இந்த அரிப்புக்கு மூன்று பொருள்கள் வேண்டும்: நீர், உப்பு, மின்னழுத்தம். ஏதாவது ஒன்றை அகற்றினாலும் அரிப்பு நிற்கும். ஆகவே எந்த வைத்தியத்தைக் கேட்டாலும் நான் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: இந்த மூன்றில் எதை இது அகற்றுகிறது, எவ்வளவு சீக்கிரம் அகற்றுகிறது?

சிலருக்கு இந்த ஒப்பீடே தேவைப்படாது. மழையில் நடந்துவிட்டு வந்தபின் ஒரு காதில் மட்டும் சத்தம் கம்மியாகக் கேட்கிறது, மற்றபடி எல்லாம் சரி என்றால், பெரும்பாலும் எதுவும் கெடவில்லை. ஒலி வரும் வாயில் இருக்கும் மெல்லிய வலையின் கண்களில் தண்ணீர்ப் படலம் நிற்கிறது, அவ்வளவுதான். பட்டின் சிலிக்கோன் முனையைக் கழற்றிவிட்டு, வலை கீழே பார்க்கும்படி ஒரு டிஷ்யூ காகிதத்தில் வைத்து லேசாக ஒற்றினால் போதும். விளக்குத் திரி எண்ணெயை இழுப்பதுபோலக் காகிதம் நீரை இழுத்துக்கொள்ளும். இடம் மாற்றி மாற்றி நாலைந்து தடவை ஒற்றிவிட்டு, சில மணி நேரம் காயவிட்டால் சத்தம் பழையபடி வந்துவிடும். இங்கே பலரும் செய்யும் தவறு, வாயால் ஊதுவது. ஊதும் மூச்சே ஈரம் நிறைந்தது. போதாக்குறைக்கு வலையில் நிற்கும் நீரை உள்ளே தள்ளிவிடும். அழுத்தக் காற்று டின்னும் அதையேதான் செய்யும்.

எந்தத் தண்ணீரில் நனைந்தது என்பது பலரும் நினைப்பதைவிடப் பெரிய கேள்வி. மழைநீரில் கரைந்த உப்பு மிகக் குறைவு. நனைவதென்றால் அதில் நனைவதுதான் பாக்கியம். குடிநீருக்கான இந்தியத் தர நிர்ணயம் (ஐஎஸ் 10500) கரைந்த திடப்பொருள்களுக்கு லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை ஏற்கலாம் என்கிறது; வேறு நீர் கிடைக்காத இடத்தில் 2,000 வரை அனுமதிக்கிறது. நம் ஊர்களில் பல வீடுகளின் போர் தண்ணீர் வாளியில் வெள்ளைக் கறையை விட்டுவிட்டுப் போவதைப் பார்த்திருப்பீர்கள். அதே கறைதான் மின்சுற்றின் மேலும் படியும். கடல்நீரில் லிட்டருக்கு ஏறத்தாழ 35 கிராம் உப்பு. மெரினாவில் அலைக்குள் விழுந்த இயர்பட்ஸ் அதனால்தான் சில மணி நேரத்திலேயே செத்துப்போகிறது. டீயும் காபியும் இன்னொரு வகைத் தொல்லை. நீர் ஆவியான பிறகும் சர்க்கரைப் பாகு வலையை அடைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடும்.

சோப்புத் தண்ணீருக்குத் தனிக் குணம் உண்டு. வலையின் கண்கள் மிகச் சிறியவை. நீரின் பரப்பு இழுவிசை காரணமாக மழைத்துளி அவற்றுக்குள் அவ்வளவு எளிதில் நுழைவதில்லை. சோப்பு அந்த இழுவிசையைக் குறைத்துவிடுகிறது. மழையைத் தாங்கிய பட் வாஷிங் மெஷினில் தோற்றுப்போவதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

அடுத்து, நீரையும் தூசியையும் கருவி எவ்வளவு தாங்கும் என்று காட்ட அட்டைப்பெட்டியில் அச்சிட்டிருக்கும் ஐபி எண். ஐபிஎக்ஸ்4 என்றால் எந்தப் பக்கத்திலிருந்து தெறிக்கும் நீரையும் தாங்கும் என்று பொருள். வியர்வைக்கும் தூறலுக்கும் அது போதும். ஐபிஎக்ஸ்5 குழாயிலிருந்து பீய்ச்சும் நீருக்கானது. ஐபிஎக்ஸ்7 ஒரு மீட்டர் ஆழத்தில் அரை மணி நேரம் மூழ்கிக் கிடந்ததைச் சோதித்துக் கொடுத்தது. எக்ஸ் என்ற எழுத்து தூசிக்கான எண் குறிப்பிடப்படவில்லை என்பதைக் காட்டுகிறது. இவை எல்லாம் புதுக் கருவியை வெறும் நன்னீரில் சோதித்துப் பெற்ற எண்கள். சோப்பு, உப்பு, வெந்நீர் எதுவும் அந்தச் சோதனையில் கிடையாது. ஆப்பிள் நிறுவனமே, நீர் தாங்கும் தன்மை நிரந்தரமல்ல, காலப்போக்கில் குறையும் என்று எழுதி வைத்திருக்கிறது. அதன் முதல் இரண்டு தலைமுறை ஏர்பாட்ஸுக்கு இந்த எண்ணே கிடையாது. 2019-இல் வந்த ஏர்பாட்ஸ் புரோவுக்கு ஐபிஎக்ஸ்4. சாம்சங்கின் கேலக்ஸி பட்ஸ்2 புரோவுக்கு ஐபிஎக்ஸ்7 உண்டு, ஆனால் அது பட்டுக்கு மட்டும். சார்ஜிங் டப்பாவுக்குக் கிடையாது. பெரும்பாலான மாடல்களில் நிலைமை இதுதான். வாங்கும்போது நாம் பட்டின் எண்ணைப் பார்க்கிறோம், நனையும்போதோ டப்பாவும் சேர்ந்தே நனைகிறது.

டப்பாவைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். நனைந்த இயர்பட்ஸைக் கொல்வதில் அதற்கே பெரும்பங்கு. கைப்பேசி நனைந்தால் அணைத்துவிடலாம். பல இயர்பட்ஸில் அணைக்கும் பொத்தானே இல்லை. டப்பாவுக்குள் வைத்தால்தான் உடனே அணையும். டப்பாவுக்குள் வைத்த கணமே சார்ஜ் ஏற ஆரம்பிக்கும். ஈரமான முனைகள் வழியே மின்சாரத்தை நாமே ஊட்டுகிறோம். மேலே சொன்ன மூன்று பொருள்களும் ஒன்றுகூடுவதற்கு இதைவிடத் தோதான இடம் இல்லை. மகன் கேட்ட "ஒரே ஒரு தடவை சார்ஜ்" இதைத்தான் செய்திருக்கும்.

அதனால் எந்த வைத்தியத்தைத் தேர்ந்தெடுத்தாலும் அதற்கு முன் செய்ய வேண்டியது: பட்ஸை டப்பாவிலிருந்து வெளியே எடுங்கள், கைப்பேசியில் ப்ளூடூத்தை நிறுத்துங்கள், கேபிளை டப்பாவில் செருகாதீர்கள். நிறைய மாடல்கள் இணைப்பு இல்லாமல் சில நிமிடம் கிடந்தால் தாமே அணைந்துவிடும். சிலவற்றில் தொடுபகுதியைச் சில விநாடி அழுத்திப் பிடித்தால் அணையும். சிலிக்கோன் முனைகளைக் கழற்றுங்கள். பழைய பனியன் துணியால் ஒற்றி எடுங்கள். உதறாதீர்கள், உதறினால் ஓரத்தில் நின்ற நீர் உள்ளறைக்குப் போகும். டப்பாவின் மூடியைத் திறந்து, தலைகீழாக, டிஷ்யூவின் மேல் கூடாரம்போல நிறுத்துங்கள்.

இனி வழிகளுக்கு வருவோம்.

அரிசியிலிருந்தே தொடங்குகிறேன், ஏனென்றால் எல்லோருடைய கையும் முதலில் அங்கேதான் போகிறது. அரிசி நீரை உறிஞ்சும் என்பது உண்மைதான், ஆனால் ஊறவைத்தால். கடையில் வாங்கும் அரிசியிலேயே எடையில் 12 முதல் 14 விழுக்காடு நீர் இருக்கிறது. அது சமையலறைக் காற்றோடு ஏற்கெனவே ஒரு சமநிலைக்கு வந்து உட்கார்ந்திருக்கிறது. இங்கே கணக்கைக் கவனியுங்கள். பட்டுக்குள் இருக்கும் நீர் சில துளிகள். ஒரு துளி ஏறத்தாழ 0.05 மில்லி. அவ்வளவு நீரை வாங்கிக்கொள்ள அரிசியில் இடம் இல்லாமல் இல்லை. ஆனால் அரிசி பட்டின் உள்ளறைக்குள் போய் உறிஞ்சப்போவதில்லை. நீர் முதலில் ஆவியாகி, வலை வழியே வெளியே வர வேண்டும். அதற்குச் சுற்றியுள்ள காற்று வறண்டிருக்க வேண்டும். அரிசி டின்னுக்குள் இருக்கும் காற்றின் ஈரப்பதம் ஏறத்தாழ அறுபது, எழுபது விழுக்காட்டிலேயே நிற்கும். அலமாரி மேல் சும்மா வைப்பதற்கும் அதற்கும் பெரிய வேறுபாடு இல்லை. உண்மையில் டின்னுக்குள் காற்றோட்டமும் போய்விடுகிறது.

இதோடு தவிட்டுத் தூசியும் குருணையும் வலையிலும் சார்ஜ் துளையிலும் புகும். 2024-இல் ஆப்பிள் தன் உதவிக் குறிப்பில், நனைந்த ஐபோனை அரிசிப் பையில் வைக்க வேண்டாம், சிறு துகள்கள் கருவியைக் கெடுக்கக்கூடும் என்று வெளிப்படையாகவே எழுதியது. கைப்பேசிக்கே அப்படி என்றால், கடுகளவு துளைகள் கொண்ட இயர்பட்ஸுக்குச் சொல்ல வேண்டியதில்லை. "நான் அரிசியில் வைத்துத்தான் பிழைத்தது" என்று சொல்பவர்கள் பொய் சொல்லவில்லை. ஒரு நாள் முழுக்கத் தொடாமல் விட்டார்கள், சார்ஜ் போடவில்லை. பிழைக்கவைத்தது அந்தப் பொறுமைதான்.

சிலிக்கா ஜெல், அதாவது காற்றின் ஈரத்தை உறிஞ்சும் மணிகள், வேறு இனம். ஈரம் மிகுந்த காற்றில் அது தன் எடையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு நீரைப் பிடித்துவைக்கும். அதைவிட முக்கியம், காற்றுப் புகாத சின்ன டப்பாவுக்குள் போதிய அளவு புது ஜெல் இருந்தால், உள்ளிருக்கும் காற்றின் ஈரப்பதத்தைப் பத்து, இருபது விழுக்காடு அளவுக்குக் கீழே இழுத்துவிடும். வெளியே அடைமழை பெய்து காற்று சொட்டச் சொட்ட இருந்தாலும், அந்த டப்பாவுக்குள் பாலைவனம். பட்டின் உள்ளேயிருக்கும் ஈரம் தானாக வெளியே வரும்.

ஒரு கவனம் தேவை. செருப்புப் பெட்டியிலும் கைப்பையிலும் வந்த குட்டிப் பொட்டலங்களைச் சேர்த்து வைத்திருப்பவர்கள் நிறையப் பேர். மாதக்கணக்கில் அலமாரியில் கிடந்த பொட்டலம் ஏற்கெனவே வயிறு நிறைந்தது; அதனால் பயன் இல்லை. நிறம் மாறும் மணிகளை வாங்குங்கள். நீலம் ஈரத்தில் இளஞ்சிவப்பாகும், ஆரஞ்சு பச்சையாகும். நீலத்தில் கோபால்ட் குளோரைடு சேர்க்கிறார்கள், அது நச்சு. குழந்தைகள் உள்ள வீட்டில் ஆரஞ்சையே வாங்கச் சொல்வேன். நிறம் மாறிய மணிகளை 110, 120 டிகிரிச் சூட்டில் ஓரிரு மணி நேரம் வைத்தால் மறுபடி பயன்படும். அதற்குச் சமையல் பாத்திரத்தை எடுக்காதீர்கள். கேமரா வைத்திருப்பவர்கள் லென்ஸில் பூஞ்சை பிடிக்காமல் காக்க இதைத்தான் நெடுங்காலமாகச் செய்துவருகிறார்கள்.

மாமனாரின் டப்பா இதே தத்துவம்தான். காது கேட்கும் கருவி அணிபவர்களுக்கு வியர்வையும் ஈரமும் அன்றாடப் பிரச்சினை. அதனால் அந்தக் கருவி விற்கும் மையங்களில் உலர்த்தும் டப்பா ஒன்று தருகிறார்கள்: திருகு மூடி, அடியில் சிலிக்கா ஜெல், மேலே கருவியை வைக்க ஒரு தட்டு. சில நூறு ரூபாய்தான். மின்சாரத்தில் இயங்கி மிதமான சூடு கொடுக்கும் பெட்டிகளும் உண்டு, விலை அதிகம். காதுக்குள் வைக்கும் நுண்ணிய கருவியை, அதன் வலையோடும் மைக்கோடும், ஒவ்வோர் இரவும் காயவைப்பதற்கென்றே செய்த பொருள் இது. இயர்பட்ஸ் வைத்திருக்கும் இளைஞர்களில் இப்படி ஒன்று இருப்பதே தெரிந்தவர் எத்தனை பேர்? எனக்கு இதில் உண்மையாகவே வருத்தம் உண்டு. ஒரே வீட்டில் தாத்தாவின் அலமாரியில் மருந்து இருக்கிறது, பேரன் அரிசி டின்னைத் தேடுகிறான்.

ஜெல் எதுவும் கையில் இல்லை, கடையும் திறந்திருக்காது என்றால் ஏசி அறைதான் அடுத்தது. ஏசி காற்றைக் குளிர்விக்கும்போதே அதிலுள்ள நீரைப் பிழிந்து வெளியே சொட்டவிடுகிறது. அந்த அறையின் காற்று வீட்டின் மற்ற இடங்களைவிட வறண்டது. 'டிரை' என்ற நிலை இருந்தால் அதில் போட்டு, மின்விசிறியின் இளங்காற்று படும்படி ஒரு துணியின் மேல் பட்ஸை வையுங்கள். ஏசி இல்லாத வீட்டில் வெறும் மின்விசிறிக் காற்றும் கோடையில் வேலை செய்யும். கார்த்திகை மழையில், காயப்போட்ட துணியே இரண்டு நாளாய்க் காயாத வாரத்தில், அதை நம்ப வேண்டாம்.

வெயில் பற்றிக் கேட்கிறார்கள். நம் வெயிலில் மொட்டை மாடியில் கிடக்கும் கறுப்புப் பிளாஸ்டிக் கை வைக்க முடியாத அளவுக்குச் சூடாகும். ஏர்பாட்ஸை 45 டிகிரிக்கு மேல் வைக்கக்கூடாது என்பது ஆப்பிள் கொடுத்திருக்கும் வரம்பு. பொதுவாக லித்தியம் பேட்டரிகள் 60 டிகிரியைத் தாண்டுவது ஆபத்து. ஹேர் டிரையரின் வாயிலிருந்து வரும் காற்று அதைச் சுலபமாகத் தாண்டிவிடும். பேட்டரியை விடுங்கள், இந்தக் கருவி முழுவதுமே பசையால் ஒட்டியது. வலை பசையில் நிற்கிறது, இரண்டு ஓடுகளும் பசையில் சேர்ந்திருக்கின்றன. சூட்டில் பசை இளகினால், எஞ்சியிருந்த நீர்த்தடுப்பும் போய்விடும். எதிர்வீட்டுக்காரரிடம் நன்றி சொல்லித் திருப்பிக் கொடுத்துவிட்டேன். நிழலில் காயும் எதையும் வெயிலில் போட வேண்டாம்.

இதுவரை சொன்னவை எல்லாம் நீரை அகற்றும் வழிகள். உப்பை இவற்றில் எதுவும் அகற்றாது. நீர் போனபின் உப்பு அங்கேயே படிந்திருக்கும். அடுத்த மழைக்காலக் காற்றின் ஈரத்தை அது இழுத்துக்கொள்ளும், அரிப்பு மறுபடி தொடங்கும். "ஒரு மாதம் நன்றாகத்தான் ஓடியது, திடீரென்று செத்துவிட்டது" என்ற கதைகளில் பலவற்றுக்குப் பின்னால் இதுதான் இருக்கிறது. அதனால் கடல்நீர், சோப்புத் தண்ணீர், டீ இவற்றில் விழுந்த பட்டை, அது காய்வதற்கு முன்பே நல்ல நீரில் ஒருமுறை அலசிவிட வேண்டும் என்பது என் தீர்மானம். நனைந்ததை மறுபடி நனைப்பதா என்று மனம் கூசும். ஏற்கெனவே உள்ளே உப்பு நீர் இருக்கிறது. அதை உப்பில்லாத நீரால் வெளியேற்றுகிறோம், அவ்வளவே. இன்வெர்ட்டர் பேட்டரிக்கு ஊற்றுவதற்காகக் கடைகளில் விற்கும் டிஸ்டில்டு வாட்டர் இதற்கு மிகவும் ஏற்றது. கிண்ணத்தில் ஊற்றி, சில விநாடிகள் முக்கி எடுத்து, உடனே ஒற்றி, உலர்த்தப் போட்டுவிட வேண்டும். மழையில் மட்டும் நனைந்ததை அலச வேண்டியதில்லை. வியர்வை என்றால் வெளிப்புறத்தை ஈரத்துணியால் துடைத்தால் போதும்.

பழுதுபார்ப்பவர்கள் மின்சுற்றைக் கழுவ ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் பயன்படுத்துவதைப் பார்த்துவிட்டு, பட்டையே அதில் முக்குபவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் கழுவுவது கழற்றி எடுத்த மின்சுற்றுப் பலகையை. நீங்கள் முக்குவது பசையும் மெல்லிய ஒலிச் சவ்வும் உள்ள முழுக் கருவியை. டப்பாவுக்குள் இருக்கும் உலோக முனைகளையும், பட்டின் வெளி முனைகளையும் துடைப்பதற்கு 99 விழுக்காடு ஆல்கஹாலில் நனைத்த பஞ்சுக் குச்சி நல்லது. அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். கை கழுவும் சானிடைசர் இதற்கு மாற்று ஆகாது. அதில் நீரும் கிளிசரினும் இருக்கின்றன.

நீரை வெளியேற்றும் ஒலி என்று ஒரு வழி சொல்கிறார்கள். 2016-இல் வந்த ஆப்பிள் வாட்ச் இரண்டாம் தலைமுறையில் ஒலிபெருக்கியே அதிர்ந்து நீரைத் துப்பும் ஏற்பாடு வந்தது. அதைப் பார்த்துப் பல செயலிகள் முளைத்தன. கைக்கடிகாரம் முழுவதும் நீர்த்தடுப்போடு, அந்த வேலைக்கென்றே வடிவமைத்தது. உங்கள் பட்டை அப்படி அதிரவைக்க வேண்டுமானால் அதற்குள் மின்சாரம் ஓட வேண்டும். உள்ளே நீர் இருக்கும்போது மின்சாரம் ஓடவே கூடாது என்றுதானே இவ்வளவு நேரம் பேசுகிறோம்? ஐபி எண் உள்ள பட், மழை நீர், வெறும் சத்தக் குறைவு, டிஷ்யூவில் ஒற்றியும் தீரவில்லை என்றால் மட்டும் முயன்று பார்க்கலாம். காதில் வைத்துக்கொண்டு செய்யாதீர்கள்.

கடைக்குக் கொண்டுபோவதா? ஏர்பாட்ஸைப் பிரித்துப் பார்த்த ஐஃபிக்ஸிட் நிறுவனம் பழுதுபார்க்கும் வசதிக்குப் பத்துக்குச் சுழியம் மதிப்பெண் கொடுத்தது. உடைக்காமல் திறக்க முடியாது, திறந்தால் பழையபடி மூட முடியாது. சென்னையில் மின்னணுக் கடைகள் நிறைந்த ரிச்சி தெருவில் கைப்பேசிப் பலகையைக் கண்ணாடி மாட்டிச் சரிசெய்யும் திறமைசாலிகள் இருக்கிறார்கள். அவர்களே இயர்பட்ஸ் என்றால் தயங்குவார்கள். டப்பா கதை வேறு. அதைத் திறக்கலாம், உள்ளிருக்கும் பலகையைக் கழுவலாம், சில மாடல்களில் பேட்டரியையும் மாற்றலாம். எனவே பட் என்றால் வீட்டில் உலர்த்துங்கள். டப்பா சார்ஜ் ஏறவில்லை என்றால் கடைக்குப் போகலாம். வாரண்டி பெரும்பாலும் நீர்ச் சேதத்துக்குப் பொருந்தாது. ஆனாலும் சேவை மையத்தில் நடந்ததை நடந்தபடி சொல்லுங்கள். எந்தத் தண்ணீர், எத்தனை மணி நேரம் ஆயிற்று என்று தெரிந்தால்தான் எதிரே இருப்பவர் சரியான வேலையைச் செய்ய முடியும்.

பணக் கணக்கும் இருக்கிறது. ஆயிரம், ஆயிரத்து ஐந்நூறு ரூபாய் ஜோடிக்குக் கடை ஏறி இறங்குவது அலைச்சல். இரண்டு நாள் உலர்த்திப் பார்த்து, வராவிட்டால் விட்டுவிடலாம். இருபதாயிரத்துக்கு மேல் கொடுத்து வாங்கியது என்றால், ஒரு பட்டையோ டப்பாவையோ மட்டும் தனியாக மாற்றிக்கொள்ளும் வசதியை ஆப்பிள், சாம்சங் போன்ற நிறுவனங்கள் தருகின்றன. ஒன்று பிழைத்து ஒன்று செத்தால் முழு ஜோடியையும் வாங்கிவிடாதீர்கள். முதலில் அதை விசாரியுங்கள். ஆனால் எந்த விலையானாலும், நனைந்தபின் பட் சூடாகிறது, ஓட்டின் இணைப்பு பிளந்து உப்புகிறது, வினோதமாக வாடை வருகிறது என்றால் அதோடு போராட வேண்டாம். அது காதுக்குள் வைக்கும் பேட்டரி.

எங்கள் வீட்டுக் கதையைச் சொல்லி முடிக்கிறேன். போர் தண்ணீரும் சோப்பும் என்பதால் இரண்டு பட்ஸையும் டிஸ்டில்டு வாட்டரில் அலசினேன். டப்பாவையும் அப்படியே செய்தேன், அதற்கு மேல் இழக்க ஒன்றுமில்லை என்று தோன்றியது. பட்ஸ் இரண்டும் மாமனாரின் டப்பாவுக்குள் போயின. அந்த இரண்டு இரவும் அவருடைய கருவிக்கு, புது ஜெல் போட்ட வேறொரு கண்ணாடிச் சீசா. சார்ஜிங் டப்பா ஏசி அறையில் தலைகீழாக நின்றது. மகன் ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை வந்து "இப்போது பார்க்கலாமா" என்று கேட்டான். நாற்பத்தெட்டு மணி நேரம் என்று சொல்லியிருந்தேன், விட்டுக்கொடுக்கவில்லை.

செவ்வாய்க்கிழமை காலை ஜெல் மணிகள் ஆரஞ்சிலிருந்து பாதி பச்சைக்கு மாறியிருந்தன. வலது பட் உடனே கைப்பேசியோடு இணைந்தது. இடது பட்டும் இணைந்தது, ஆனால் சத்தம் கம்மி. உருப்பெருக்கியில் பார்த்தால் வலையில் வெள்ளைப் படிவு. டிஸ்டில்டு வாட்டரில் லேசாக நனைத்த குழந்தைகளின் பல் துலக்கியால் மெல்லத் தேய்த்து, காகிதத்தில் ஒற்றி, மறுபடி ஓர் இரவு ஜெல்லில் வைத்தபின் சரியாயிற்று. டப்பா பிழைக்கவில்லை. கேபிள் செருகினால் விளக்கு ஒருமுறை மின்னி அணைந்தது, ஒரு முனையில் பச்சை பூத்திருந்தது. அதே மாடலின் டப்பாவை ரிச்சி தெருவில் தேடிப் பிடித்து, பொத்தானை அழுத்திப் பிடித்துப் பட்ஸோடு புதிதாக இணைத்தோம். முதல் சார்ஜின்போது நான் பக்கத்திலேயே உட்கார்ந்து, பத்து நிமிடத்துக்கு ஒருமுறை தொட்டுப் பார்த்தேன், சூடு ஏறவில்லை.

பழைய டப்பாவைக் குப்பைத் தொட்டியில் போடவில்லை. உள்ளே லித்தியம் பேட்டரி இருக்கிறது. குப்பை வண்டியில் நசுங்கினால் தீப்பிடிக்கும். மின்னணுக் கழிவு வாங்கும் இடத்தில் கொடுத்துவிட்டு வந்தோம். மகன் இப்போது தன் பங்குக்கு ஒரு உலர்த்தும் டப்பா வாங்கித் தாத்தாவின் அலமாரியில் பக்கத்திலேயே வைத்திருக்கிறான். மழையில் நனைந்து கல்லூரியிலிருந்து வந்தால், செருப்பைக் கழற்றியதும் நேராக அங்கேதான் போகிறான்.